முகத்தில் நான்கு பாத்தி

எட்டாம் வகுப்பை நான் நான்கு இடங்களில் தொடங்கினேன். ஓரிடத்திலும் முடிக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு மாதம், தர்மபுரத்தில் மூன்று கிழமை, விசுவமடுவில் ஒரு மரத்தின் கீழே சில நாட்கள், கடைசியில் அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள். ஒவ்வோர் இடத்திலும் புது ஆசிரியர் விஞ்ஞானப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து தொடங்கினார். முதல் பாடம் கிருமிகளைப் பற்றியது. ஆகவே கிருமிகளைப் பற்றி எனக்கு மற்றவர்களைவிட நான்கு மடங்கு தெரியும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஆங்கில எழுத்து படித்தது பீடைநாசினிப் போத்தல்களில். முகாமைவிட்டு வந்த பிறகு ஊரூராகக் கூலிக்கு மருந்தடித்துத் திரிந்தேன். எந்தப் போத்தல் மருந்தை முதுகில் சுமக்கிறோம் என்று தெரியாமல் அடித்தவர்கள் சிலர் வயலிலேயே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் வாசிக்கப் பழகினேன். உள்ளே இருக்கும் சரக்கின் பெயர், அது எத்தனை வீதம், எதற்கு அடிப்பது, எத்தனை நாள் இடைவெளி. இவ்வளவுதான் என் ஆங்கிலம். காதல் கடிதம் எழுத உதவாது. ஆனால் போத்தலாக இருந்தால் எதையும் வாசிப்பேன்.

மருந்தடி இல்லாத காலத்தில் கல்லுடைத்தேன், இரணைமடுக் குளத்தில் வலை இழுத்தேன், விசுவமடுப் பக்கம் கச்சான் கடலை பிடுங்கினேன், அறுவடைக் காலத்தில் நெல் வெட்டும் மிசினோடு போனேன். எந்த வேலையிலும் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. காலையில் எழும்பும்போது கால் தானாக வேறு திசையைப் பார்த்து நிற்கும், நான் அதன் பின்னால் போவேன்.

பதினான்கு வயதில் எல்லாருக்கும் வருகிற பரு எனக்கு வரவில்லை. அந்த வருடம் எங்களில் யாருக்கும் பருவுக்கு நேரமில்லை. முப்பதில் மொத்தமாக வந்தது. மிசினில் நிற்கிறவனுக்கு நெல்லின் சுணையும் டீசல் புகையும் முகத்தில் படிந்து வியர்வையோடு பசையாகும். அதன் மேல் சீலைத்துண்டைக் கட்டுவோம். அவிழ்க்கும்போது துண்டு முகத்தின் அச்சாகவே கழன்று வரும். கன்னம், நெற்றி, தாடை, எங்கும் கரும்புள்ளி. கரும்புள்ளி இல்லாத இடத்தில் சிவந்த கட்டி. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. என் முகத்தை நான் பார்ப்பது மிசினின் பக்கக் கண்ணாடியில்தான், அதிலும் தூசி.

அப்படியிருக்கப் புளியங்குளத்தில் மிசினின் பட்டி அறுந்தது. சாமான் வவுனியாவிலிருந்து வரும்வரை வேலையில்லை. சந்தியில் இருந்த பான்சிக் கடைக்குச் சவர்க்காரம் வாங்கப் போனேன்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட முஸ்லிம். சிறுவயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்தவர். எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வளையல், குடை, பள்ளிக்கூடப் பை, பிளாஸ்டிக் கதிரை, முகப்பூச்சு எல்லாம் வைத்திருந்தார். அன்று அவருக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். மகளுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். தோளில் போட்ட சோலின் ஒரு தலைப்பால் பாதி முகத்தை மூடியிருந்தாள். மற்றக் கையில் போன்.

"சாலிசிலிக் அமிலம் இருக்கோ அங்கிள்? ரெண்டு வீதம்," என்றாள்.

"அப்பிடியொண்டும் இல்லையே பிள்ளை. சந்தனம் இருக்கு, பப்பாசி இருக்கு, குங்குமப்பூ இருக்கு. எது தர?"

"உங்களுக்குப் பின்னால நிக்குது நானா," என்றேன். "மூண்டாவது தட்டு. சின்னப் போத்தல், மஞ்சள் மூடி."

நானா திரும்பி எடுத்தார். கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்த சரக்கு. என்னவென்று அவருக்கே தெரியாது. நான் கை நீட்டி வாங்கி வாசித்தேன். சரக்கின் பெயர், வீதம், எதற்கு, எத்தனை தடவை. தாய் போத்தலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதைப் பற்றி நல்லாத் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கிறீர். முகம் அப்பிடிச் சொல்லேல்லையே."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நானாவுக்கு வியாபாரம் போன கவலையைவிட வேறொரு யோசனை பெரிதாக வந்திருந்தது.

"நீ இங்கிலீசு வாசிப்பியா?"

"போத்தல் வாசிப்பன்."

"இங்க வாற பொம்பிளப் புள்ளைகள் எல்லாம் போனப் பாத்துப் பாத்து வாயில நுழையாத பேரெல்லாம் கேக்குறாங்க. நான் பப்பாசியக் காட்டினாச் சிரிக்கிறாங்க. இதில இரு."

நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். இருந்தேன். தலைக்கு மேல் காற்றாடி. நான் அதுவரை செய்த வேலைகள் எல்லாம் நின்றோ குனிந்தோ தொங்கியோ செய்தவை. இருந்து செய்கிற வேலை உலகத்தில் உண்டு என்று தெரியும், வங்கியில் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வரும் என்று நினைத்ததில்லை. கைப்பிடி இரண்டும் சரியாக என் கைக்கு அளவாக இருந்தன. கால் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

"ஆனா ஒண்டு," என்றார் நானா. "பருவோட இருந்து பரு மருந்து வித்தா சனம் சிரிக்கும். சித்திரை வருசத்துக்கு ரெண்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள உன்ட மூஞ்சிய வெளிக்கப் பண்ணு. பண்ணினா இந்தக் கதிரை உனக்கு. இல்லாட்டி எழும்பி மிசினுக்குப் போ."

மிசின் சாமான் வந்து சேர்ந்தது. மிசின் இரணைமடுப் பக்கம் போனது. நான் போகவில்லை.

என் முதல் வேலை அலுமாரியிலிருந்த போத்தல்களை வாசித்து எழுதி வைப்பது. அரைவாசியில் மணமும் நிறமும் தவிர வேறொன்றும் இல்லை. சில டப்பாக்களில் எழுத்தே இல்லை, பெண்ணின் படம் மட்டும். உள்ளே என்ன என்று எழுதாத மருந்தை வயலிலேயே தொடமாட்டேன். அவற்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி முன்னால் குடைகளை நிறுத்தினேன். மிஞ்சியவற்றில் பருவுக்கு என்று நான்கு சரக்கு தேறின. சாலிசிலிக் அமிலம், கிளைக்கோலிக் அமிலம், பென்சோயில் பெரொக்சைட், நியாசினமைட்.

இங்கேதான் மருந்தடிக்காரன் புத்தி வேலை செய்தது. வயலில் புழுவுக்கு ஒரு தடவை, பூஞ்சணத்துக்கு ஒரு தடவை, இலைப் பசளைக்கு ஒரு தடவை என்று யாரும் நடப்பதில்லை. மூன்றையும் ஒரே தாங்கியில் ஊற்றிக் கலக்கி ஒரே நடையில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். போத்தலில் கலக்காதே என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது மற்ற மாவட்டக்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படியே ஒரு சிரட்டையில் நான்கையும் ஊற்றிக் குச்சியால் கலக்கினேன். நுரைத்தது. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு முகம் முழுக்கப் பூசினேன். பிறகு வழக்கம்போலத் தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் பவுடர். அதில்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் படலை தாண்டமாட்டார்கள்.

பத்து மணிக்கு நானா கேட்டார், "ஏன்டா உன்ட முகம் சிவக்குது?"

"வேலை செய்யுது நானா."

பன்னிரண்டு மணிக்கு அது எனக்கே பயம் வரும்படி வேலை செய்தது. கடை வாசலில் கச்சான் வறுத்து விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான். கவிழ்த்த வாளியில் குந்தியபடி சட்டிக்குள் மணலைக் கிண்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டேய் தம்பி, ஆரும் இல்லாத நேரம் பாத்து என்ர சட்டிக்குள்ள தலையை விட்டனியோ?"

ஐந்து நாள் தோல் உரிந்தது. வாய் திறந்தால் கன்னம் வெடித்தது. பச்சைத் தண்ணீரே எரித்தது. வந்தவர்களிடம் நானா, "புது ஆள், வெயில் பட்டுப்போச்சு," என்று சொல்லிச் சமாளித்தார். பதினைந்து வருடம் வன்னி வெயிலில் நின்றவனுக்குக் காற்றாடியின் கீழே வெயில் பட்டதை யாரும் நம்பவில்லை. தோல் ஆறும்வரை வெறும் கிரீம் தடவிக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் இருந்து எல்லாப் பெட்டியின் சின்ன எழுத்தையும் வாசித்தேன். ஒன்றாகப் போடாதே, கொஞ்சமாகத் தொடங்கு, வெயிலுக்குத் தடுப்புப் பூசு என்று எல்லாம் அங்கேயே எழுதியிருந்தது.

பத்து நாள் வீணாகிவிட்டது. கதிரை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் விசுவமடுவில் வேலை செய்த மாதிரித் துண்டங்கள் நினைவுக்கு வந்தன. விவசாயப் போதனாசிரியர் ஒரு காணியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருந்து அடிப்பித்து, முன்னால் பலகை நடுவார். ஒரு துண்டுக்கு மட்டும் ஒன்றும் அடிக்கக்கூடாது. அந்தத் துண்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். அதை வைத்துத்தான் மற்ற மூன்றையும் அளப்பது என்று அவர் சொல்லுவார்.

முகத்தை நான்கு பாத்தியாகப் பிரித்தேன். இடது கன்னத்துக்குச் சாலிசிலிக். அது எண்ணெயில் கரையக்கூடியது, தோலின் துளைக்குள் இறங்கி அடைப்பை எடுக்கும். வாய்க்கால் துப்புரவாக்குவது மாதிரி. வலது கன்னத்துக்கு பென்சோயில் பெரொக்சைட், குறைந்த வீதம். அது கிருமியைக் கொல்லுவது. கிருமிப் பாடம் எனக்கு நான்கு தரம் நடந்தது என்பதால் அதில் ஒரு பற்று. நெற்றிக்கு நியாசினமைட், சிவப்பையும் எண்ணெயையும் குறைக்க. தாடைக்கு ஒன்றுமில்லை. மூக்கு வரப்பு, அதில் யாரும் ஏறக்கூடாது. கிளைக்கோலிக்கைத் திரும்பவும் தட்டில் வைத்தேன். ஒரு மட்டையில் முகத்தின் படம் கீறி, எந்தப் பாத்திக்கு எது என்று எழுதிக் கதிரைக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

"ஒரு மனிசனுக்கு நாலு விதமான முகமா?" என்று நானா தலையில் கை வைத்தார்.

அவர் தலையிலிருந்து கையை எடுக்க மூன்று கிழமை சென்றது. அதற்குள் சனம் மட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க வரத் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நேரம் போக்க வந்து பார்த்தார்கள். இடது கன்னத்தில் கரும்புள்ளி குறைந்தது. வலது கன்னத்தில் கட்டிகள் வற்றின. தாடை அப்படியே கிடந்தது. காலையில் கடை திறக்கும்போது கச்சான் அக்கா, "இண்டைக்கு எந்தப் பக்கம் நல்லா விக்குது?" என்று கேட்பார். நான் கன்னத்தைத் திருப்பிக் காட்டுவேன்.

நெற்றி மட்டும் மோசமாகிக்கொண்டு வந்தது. அந்தத் தாயும் மகளும் திரும்ப வந்தது அப்போதுதான். தாய் குடையின் கைப்பிடியால் என் தாடையைத் தொட்டு முகத்தை இடமும் வலமும் திருப்பினார். சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல.

"கன்னம் பரவாயில்லை. நெத்தி என்ன இப்பிடிக் கிடக்கு?"

மகள் மட்டையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "அண்ணா, தலைக்கு எண்ணெய் வைக்கிறீங்களோ?"

"ஓம். காலமையும் பின்னேரமும்."

"அது வடிஞ்சு நெத்திக்கு வருதெல்லோ. அதுதான் அடைக்குது. பவுடரும் போடாதேங்கோ."

மேல் வயலிலிருந்து வரம்பு உடைந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் பாய்வதை ஆயிரம் தரம் பார்த்தவன் நான். சொந்த நெற்றியில் அது நடப்பதைக் காணவில்லை. அன்று அவர்கள் ஒரு சாலிசிலிக் போத்தல் வாங்கிப் போனார்கள். நான் எண்ணெயையும் பவுடரையும் விட்டேன்.

எண்ணெய் இல்லாத காய்ந்த தலையோடு, பவுடர் இல்லாத முகத்தோடு ஒருவன் வெளியே வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு பொருள்தான். முதலில் கச்சான் அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, "எந்த வீட்டில தம்பி? ஆர் செத்தது?" என்றார். பஸ் கொண்டக்டர் ஒருவர் தோளில் கை வைத்து, "எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதான்," என்றார். சந்திக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து போடும் ஐயா எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு எப்போது என்று விசாரித்தார். நான் மறுத்தால் துக்கத்தில் கதைக்கிறேன் என்று இன்னும் இரங்கினார்கள். கடைசியில் நானா மட்டைக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று: "இவர் வீட்டில் எல்லாரும் சுகம். தலைக்கு எண்ணெய் வைக்காதது நெற்றிக்காக." உண்மையில் என் வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் முகாமுக்கு முந்திய அந்த மாதங்களிலேயே செத்து முடிந்துவிட்டார்கள். அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் யாரும் இல்லை. இப்போது நெற்றியை முன்னிட்டு அந்த இரக்கம் பிந்தி வந்து சேர்ந்தது என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நெற்றி தெளிந்தது.

அடுத்த சிக்கல் சட்டையில் வந்தது. கடைக்கு ஆள் வருவது கூடியதால் நானா எனக்குக் கடும் நீலத்தில் ஒரு சேட்டுத் தைத்துத் தந்தார். ஒரு கிழமையில் வலதுபக்கக் கழுத்துப்பட்டி செம்மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகிவிட்டது. பென்சோயில் பெரொக்சைட் துணியின் நிறத்தைத் தின்னும், அதுவும் சின்ன எழுத்தில் இருந்தது. கச்சான் அக்காதான் அதை முதலில் கண்டு பஸ் தரிப்பிடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நானா, உங்கட மருந்து சேட்டையே வெள்ளையாக்கிப் போட்டுது."

அன்று பின்னேரம் கடைக்குள் நிற்க இடமில்லை. எல்லாருக்கும் வலது கன்னத்து மருந்து வேண்டும். பரு இருந்தவர்கள் அதில் இருவரோ மூவரோதான். நானா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணால் விற்கச் சொன்னார்.

"சேட்டு வெளுத்தா முகமும் வெளுக்கும்தானே தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"நீங்க சேட்டு இல்லையே அம்மா."

"ஏன், சேட்டுக்குச் செய்யிறது எனக்குச் செய்யாதோ?"

"தோலுக்கு நிறம் மாத்தாது. பரு இல்லாத முகத்தில அப்பினா எரியும். எனக்கு எரிஞ்சதை அந்த அக்காவிட்டக் கேளுங்கோ."

கச்சான் அக்கா என் முகம் உரிந்த கதையை, உரியாத இடங்களையும் சேர்த்து, வடிவாகச் சொன்னார். கூட்டம் கலைந்தது. நானா அன்று என்னோடு கதைக்கவில்லை. கடை பூட்டும்போது மட்டும், "நீ மருந்து விக்க வந்தவனா, மறிக்க வந்தவனா?" என்று கேட்டார். கதிரையைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்தேன்.

பிறகுதான் பெரிய அழிவு வந்தது. தாடை சுகமாகத் தொடங்கியது.

முதலில் நம்பவில்லை. கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் பூசாத தாடை. பலகை நட்டு வெறுமனே விட்ட துண்டு. கட்டி ஒன்றொன்றாக அமிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. கன்னங்கள் முந்திப் போயிருந்தன, அது மருந்தின் வேலை, சந்தேகமில்லை. ஆனால் தாடையும் பின்னால் நடந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சுணை இல்லை, டீசல் இல்லை, வியர்வைத் துண்டு இல்லை, பவுடரும் விட்டாயிற்று. நிழலில், காற்றாடியின் கீழே, ஒரு கதிரையில் ஒன்றரை மாதம் இருந்தேன். அவ்வளவுதான்.

நானாவுக்குக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் முழுக்க வெளிக்க வேண்டும் என்பதுதானே பேச்சு. அவர் கதவைச் சாத்தினார்.

"நாசமாப் போச்சு. தாடைய வச்சுத்தானே இவ்வளவு நாளும் வித்தது. மருந்தில்லாமலே சுகமாகும் எண்டா ஆருடா வாங்குவான்? வருசத்துக்கு இன்னும் பத்து நாள். அதுக்குள்ள தாடையில பருவ வரப்பண்ணு."

"வெளிக்கப் பண்ணினாத்தானே கதிரை எண்டு சொன்னீங்க?"

"கன்னத்தச் சொன்னன். தாடை கடைச் சாமான்."

பருவைப் போக்குவதற்கு மட்டையில் வழி எழுதியிருந்தது. வரவைப்பதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை. தாடைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் பூசினேன். அதன் மேல் பவுடர். அதன் மேல் பழைய மிசின் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். கச்சான் தின்றால் பரு வரும் என்று ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள். கடைக்கு வரும் தாய்மார் மகள்மாரைக் கச்சான் சட்டியைத் தாண்டி இழுத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆகவே நானா எனக்கு நாளுக்கு நான்கு சுருள் கச்சான் எடுத்துத் தந்தார். தின்றேன். கச்சான் அக்கா சட்டியைக் கிண்டிக்கொண்டு என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் அவருக்கும் ஒரு வழக்குத் தீர வேண்டியிருந்தது.

ஒரு கிழமையாயிற்று. வயிறு பொருமியது. தாடையில் ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தியளோ," என்று கச்சான் அக்கா சந்திக்குப் பொதுவாகச் சொன்னார். "நாளுக்கு நாலு சுருள் திண்டும் தாடை பளபளக்குது. இனி என்ர கச்சானில பரு எண்டு ஆரும் கதைச்சா இவனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவன்."

வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாயும் மகளும் வந்தார்கள். லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில் வந்து இறங்கினார்கள். தகப்பன் இறங்காமல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் இப்போது முகத்தை மூடவில்லை. இடைக்கிடை சிவப்பு இருந்தது, ஆனால் தெளிந்துகொண்டிருந்தாள். கடையில் வருடப் பிறப்புச் சனம். தாய் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து குடைப்பிடியை என் தாடையில் வைத்தார். அண்ணாந்து பார்த்தேன்.

"இதுக்கு என்ன பூசினனீர்?"

நானா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மூன்றாவது தட்டில் எந்தப் போத்தலின் பெயரைச் சொன்னாலும் அன்றைக்கே அந்தத் தட்டு காலியாகும். கதிரையும் என்னோடு இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மருந்து அடிக்காத துண்டுக்கு அடித்ததாகப் பலகை நட்டால் மற்ற மூன்று பலகையையும் பிடுங்கி எறிய வேண்டியதுதான். கன்னங்களைப் பற்றி நான் அதுவரை சொன்னதெல்லாம் அதோடு பொய்யாகிவிடும்.

"சுகமாக்க ஒண்டும் பூசேல்லை அம்மா," என்றேன். "இந்தக் கதிரையில இருந்தனான்."

"விளங்கேல்லை."

"முந்தி மிசினில நிண்டனான். தூசி, ஒயில், வேர்வை. இப்ப ரெண்டு மாசமா நிழலில இருக்கிறன். எண்ணெயையும் பவுடரையும் விட்டனான். அதில சுகமாயிட்டுது."

மகள் கேட்டாள், "அப்ப என்ர சாலிசிலிக் அண்ணா?"

"அதை விடாதேங்கோ. கன்னம் அதால கெதியா மாறினது. தாடை பிந்தித்தான் வந்தது."

தாய் குடையை எடுத்தார். பிறகு நானாவின் பக்கம் திரும்பினார்.

"இவளும் விடிஞ்சா வெங்காயப் பாத்திக்குள்ளதான் குனிஞ்சு நிக்கிறாள். கதிரை என்ன விலை?"

யாரோ சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை. நானாவும் சிரிக்கவில்லை. எதற்கும் விலை கேட்டால் அவர் முகம் தானாகவே வியாபார முகமாகிவிடும். பின்னாலிருந்து புதுக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடதாசி சுற்றியபடி, சிவப்பு நிறம்.

"புதுசு வேண்டாம்," என்றார் தாய். "அதில ஆர் இருந்து பாத்தது? சோதிச்ச கதிரைதான் வேணும். இது."

குடைப்பிடி என் கைப்பிடியைத் தட்டியது.

"ரெண்டும் ஒரே கொம்பனிதான் அம்மா," என்றேன்.

"போத்தலுக்கும் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். உம்மட மட்டையைப் பாத்துத்தான் நான் நம்பினனான். அந்தத் தாடை இந்தக் கதிரையில சுகமானது. வேற கதிரைக்கு ஆர் பொறுப்பு?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. மாதிரித் துண்டத்தின் நியாயம் அதுதான். வேறு காணியில் விளைந்ததை வைத்து இந்தக் காணிக்குச் சாட்சி சொல்ல முடியாது.

நானா என்னைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கத்தோடுதான் பார்த்தார்.

"தம்பி, எழும்பு."

எழும்பினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு கடைக்குள் நின்றபோது காற்றாடி தலைக்குக் கிட்டவாக இருந்தது. தகப்பன் வந்து கதிரையைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். தாய் மகளை அதில் ஏறி இருக்கச் சொன்னார். அவள் வெட்கப்பட்டு மறுத்தாள். தாய் விடவில்லை. சிகிச்சை வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றார். கடைசியில் அந்தப் பெண் நீலக் கதிரையில் நிமிர்ந்து இருக்க, தாய் பின்னால் நின்று குடை பிடிக்க, லான்ட்மாஸ்டர் ஏ ஒன்பது வீதியில் வடக்காகத் திரும்பியது. தேரில் அம்மன் போவது மாதிரி மெதுவாகப் போனது. பின்னால் ஒரு சொகுசு பஸ் ஹோன் அடித்துக்கொண்டே போனது. அவள் ஒருதரம் திரும்பி எனக்குக் கை காட்டினாள்.

"இனி உன்னை என்னெண்டு கூப்பிடுறது?" என்றார் கச்சான் அக்கா. "கதிரை டொக்டரோ?"

அன்று மாலைக்குள் சிவப்புக் கதிரைகளும் போய்விட்டன. வருடப் பிறப்புக்கு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், எப்படியும் கதிரை தேவைதான். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேர் வாங்குவதற்கு முன் என்னை அதில் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். எழும்பினேன். அன்று நான் இருந்த கதிரைகளின் எண்ணிக்கை என் வாழ்நாளில் அதுவரை இருந்ததைவிடக் கூட.

கடை பூட்டும்போது நானா சொன்னார், "வேலை உனக்குத்தான். அதில மாத்தமில்லை. கதிரை புதுசு வந்தா ஒண்டு எடுத்து வைக்கிறன், இன்ஷா அல்லாஹ்."

அவர் பொய் சொல்லவில்லை. புதுசு வந்தது. ஒன்று எடுத்தும் வைத்தார். நான் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ஒருவர் வந்து அதைத்தான் கேட்டார். அதன் பிறகு வந்ததற்கும் அதே கதிதான். நான் இருந்து பழக்கிய கதிரைக்கு மவுசு கூட என்று தெரிந்த பிறகு நானா என்னை ஒரு கதிரையிலும் நிலையாக விடுவதில்லை.

ஆனாலும் மூன்றாம் மாதம் தொடங்கியபோது நான் அங்கேதான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். கால் சில காலைகளில் வவுனியாப் பக்கம் பார்க்கும். நான் அதற்குச் செவி கொடுப்பதில்லை. கதிரை விற்ற நேரங்களில் கிளைக்கோலிக் அமிலம் வந்த பெட்டியின் மேல் இருப்பேன். அது மட்டும் விற்பதேயில்லை. பெட்டியின் பக்கத்தில் சின்ன எழுத்தில், இதன் மேல் இருக்காதே என்று எழுதியிருக்கிறது. கடையில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.